கீழ்த்தளம் என்று தேடினேன்

புனேவுக்கு வந்த பிறகு என் காலைப்பொழுது முன்பின் தெரியாதவர்களின் படுக்கையறைகளில்தான் விடிந்தது. கம்பெனி கேப் ஹிஞ்சேவாடியில் இறக்கிவிட்டதும் மெஷினில் ஒரு காபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எங்கள் மேனேஜர் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும். அதற்குள் வீடு விற்கும் இணையதளத்தைத் திறந்து ஏழெட்டு வீடுகளுக்குள் போய்வந்துவிடுவேன். மடிக்காத போர்வை, ஃபிரிட்ஜ் மேல் அடுக்கிய மருந்துப் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் தொங்கும் ஈரத்துண்டு எல்லாம் தெரியும். எங்கள் பல்லடத்தில் ஒருவர் வீட்டுச் சமையலறை வரை போக வேண்டுமென்றால் ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும், இல்லை பெண் பார்க்கப் போயிருக்க வேண்டும். இங்கே யாரும் வாங்க என்று கூப்பிடவில்லை, காபி கொடுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் வீட்டுப் பாத்ரூமில் என்ன நிற டைல்ஸ் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். என்னைப்போல் பிழைக்க வந்த ஊரில் வீடு தேடுகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நான் தேடியது அப்பாவுக்காக. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கம்பம் ஏறியவரை ஒரு பக்கவாதம் இடது காலில் பிடித்து உட்காரவைத்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் ஒரே பெண். நானும் சிவாவும் புனேவில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். சிவா என் கணவர், சாகணில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர். எங்களோடு வந்து இருங்கள் என்று அப்பாவிடம் மன்றாடி ஒருமுறை கூட்டிவந்தோம். லிஃப்ட் இருக்கிறது, என்ன கவலை என்று நினைத்தேன். புனேவில் வியாழக்கிழமை கரண்ட் போகும் நாள் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை. அந்த வியாழக்கிழமை டாக்டரிடம் போய்விட்டு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை. அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். இரண்டாவது மாடியில் யார் வீட்டு வாசலிலோ செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வரும்வரை அங்கேயே இருந்தார். அந்த வீட்டு அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெரியவர் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாள். எனக்கு இந்தியில் பதில் வரவில்லை. அப்பாதான் தமிழிலேயே அவளிடம், "லைன்மேன் வரோணுமுங்க, அதுக்குத்தான் உக்காந்திருக்கறேன்" என்றார். அவளும் புரிந்தவள்போல் தலையாட்டினாள்.

ஊருக்குத் திரும்பும்போது ரயில் ஜன்னல் வழியாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கீழ வீடா ஒண்ணு பாரு அம்மிணி. அப்பறம் நீ கூப்பிடக்கூட வேண்டாம். நானே பெட்டியத் தூக்கிட்டு வந்தர்றேன்."

அன்றிலிருந்து தேடினேன். எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்ட என்னையே அந்த இணையதளம் முதல் மூன்று மாதம் முட்டாளாக்கியது. ‘இன்று பதிவானது’ என்று போட்டிருக்கும் வீடு போன தீபாவளிக்கு முன்பே விற்றிருக்கும். புரோக்கர் தினமும் அதைத் தூசி தட்டி மேலே ஏற்றிவிடுவார். பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். படத்தில் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் காலண்டர் தொங்கினால் அதைப் பெரிதாக்கி மாதத்தைப் பார்த்துவிட்டால் வீட்டின் வயது, அதாவது விளம்பரத்தின் வயது தெரிந்துவிடும். ‘உரிமையாளர்’ என்று போட்டிருப்பவரின் போன் எண்ணைத் தேடும் பெட்டியில் போட்டுப் பார்ப்பேன். அதே எண்ணில் பதினோரு வீடு வந்தால் அவர் உரிமையாளர் இல்லை, மகாராஜா. சதுர அடியில் மாடிப்படியும் லிஃப்டும் சேர்த்தி. வாட்ச்மேன் உட்காரும் ஸ்டூலில்கூட நமக்கு ஒரு பங்கு உண்டு. ஹிஞ்சேவாடிக்குப் பதினைந்து நிமிடம் என்பது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அளந்தது. ‘பவர் பேக்கப் உண்டு’ என்றால் மாடிப்படி பல்பு எரியும் என்று பொருள். அதனால் எந்த வீட்டையும் வியாழக்கிழமையில் போய்ப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வாரத்தின் நடுவில் லீவு கேட்டுக் கேட்டு மேனேஜரின் முகம் கடுத்ததுதான் மிச்சம்.

ஆனால் பெரிய பாடம் வேறு. தேடும் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். எத்தனை அறை, எந்தத் தளம், வாசல் எந்தத் திசை என்று ஒவ்வொன்றிலும் டிக் அடிக்கலாம். நான் ‘கீழ்த்தளம்’ என்று டிக் அடித்த நாளெல்லாம் ஒன்றும் வரவில்லை. ஹிஞ்சேவாடி வட்டாரப் புதுக் கட்டடங்களிலெல்லாம் கீழ்த்தளம் கார்களுக்கு. மனிதர்களுக்கு முதல் மாடியிலிருந்துதான் வீடு. ஒரு வருடம் போன பிறகு, அலுத்துப்போய் ஒருநாள் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். ‘பழைய சொசைட்டி’ (அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இங்கே அதுதான் பெயர்) என்றும் ‘ரீசேல்’ என்றும் சும்மா வார்த்தைகளைப் போட்டுத் தேடினேன். அதுவரை கண்ணில் படாத வீடுகள் கொட்டின. லிஃப்ட் என்ற ஒன்று புழக்கத்துக்கு வருமுன் கட்டிய இரண்டு மாடிக் கட்டடங்கள். அவற்றில் கீழேயும் மனிதர்கள் இருந்தார்கள். விளம்பரம் போட்டவர்கள் எந்தத் தளம் என்று குறிப்பிடாமலே விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். டிக் அடிக்க அடிக்க வீடுகள் வருவதில்லை, மறைந்துபோகின்றன. வீடு தேடும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

ஞாயிறுதோறும் அப்பா போன் செய்வார். ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகுதான் தயங்கித் தயங்கிக் கேட்பார்.

"வீடு ஏதாச்சும் கெடச்சுதா கண்ணு?"

"பாத்துட்டே இருக்கறனுங்ப்பா."

"சரி சரி. அவசரமொண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவர் அடுத்த வாரமும் கேட்பார். பல்லடத்து வீட்டில் பகல் முழுவதும் ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுச் சரசக்கா எனக்குச் சொல்லியிருந்தாள்.

ஒரு ஜூலை மாதக் காலையில் அந்த வீடு வந்தது. கட்கியில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பழைய சொசைட்டி. படங்கள் மங்கலாக இருந்தன, அறையைப் பெரிதாகக் காட்டும் வித்தை எதுவும் இல்லை. சுவரில் மராட்டிக் காலண்டர், அதே மாதம். போன் எண்ணைத் தேடினேன். ஒரே ஒரு வீடு. வாசலில் ஒற்றைப் படி, அதன் பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்குச் சிமெண்ட்டில் சாய்தளம். கட்கி என்றதும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அங்கே கூட்டிப்போயிருந்தோம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்து அங்கேயே தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. டீக்கடையில் ஒருவர் அப்பாவின் வேட்டியைப் பார்த்துவிட்டு, "நம்ம லோக் இங்க ரொம்பப் பேர் இருக்கோம் அண்ணே. டெய்லி சாம்கு இங்கதான் பைட்டோ" என்றார். தினமும் சாயங்காலம் இங்கேதான் உட்காருவோம் என்கிறார் என்பது வரை புரிந்துகொண்டு அப்பா அன்று மூன்று டீ குடித்தார். புனேவில் அவர் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மாலைதான்.

அந்த ஞாயிறே நானும் சிவாவும் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் குல்கர்னி எழுபதைக் கடந்தவர். மனைவி இறந்துவிட்டாள், மகனோடு நாசிக் போகிறார். சாய்தளம் மனைவிக்காகப் போட்டதாம். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் எழுந்து பாத்ரூமுக்குள் கூட்டிப்போய், சுவரில் பதித்திருந்த இரும்புக் கைப்பிடியைக் காட்டி, "இதைக் கழற்றாமல் விட்டுப்போகிறேன்" என்றார். விலையும் எங்களுக்கு ஒத்துவந்தது. புதன்கிழமை ஷ்ராவண் மாதம் பிறக்கிறது, நல்ல நாள், அன்று வந்து டோக்கனாக நூற்றொரு ரூபாய் கொடுத்தால்கூடப் போதும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

புதன்கிழமை எங்களுக்கு ஆடி அமாவாசைக்கு மறுநாள். ஆடி முடிய மூன்று வாரம் இருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா சாமி கும்பிடாதவர். எங்கள் வீட்டில் ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். அம்மாவுக்குத் தாலி கட்டியதே ஒரு ஆடி மாதத்தில், வேண்டுமென்றே. அந்த வீட்டுப் பெண்ணான நான் புனேவுக்கு வந்து நாள் நட்சத்திரம் பார்க்கிறவளாக மாறியிருந்தேன். வந்த புதிதில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸைக் காலிசெய்யச் சொன்னதால் மார்கழியில் வாடகை வீட்டுக்கு மாறினோம். அந்தத் தையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன? தனியாகக் கிடக்கிற ஊரில் பயம் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அதை விரட்டப் பக்கத்தில் ஆள் இல்லை. ஊரில் இருந்திருந்தால் அப்பாவே கேலி செய்து விரட்டியிருப்பார். அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

சிவா காதருகில் வந்து, "நூத்தியொரு ரூபாதான மகேஸ், குடுத்துட்டு வந்தர்லாம்" என்றார். "ஆடியில வேண்டாங்க. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கின்னா எதுவும் தொடங்கலாம். புதனுக்கு மேல எட்டு நாள்தான" என்றேன். குல்கர்னியிடம், இந்த மாதம் எங்களுக்குச் சரியில்லை, அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறோம் என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஷ்ராவணில் எப்படி மாதம் சரியில்லாமல் போகும்?" என்று கேட்டார். ஒரே அமாவாசை அவருக்கு நல்ல மாதத்தைத் திறந்துவிட்டு எனக்கு அடைத்தே வைத்திருக்கிறது என்பதை விளக்குகிற அளவுக்கு என்னிடம் இந்தி இல்லை. சிரித்துவைத்தேன். அவரும் சிரித்தார். டிக்கை எல்லாம் எடுத்துவிடக் கற்றுக்கொண்ட நான், மனசுக்குள் அடித்துவைத்திருந்த அந்த ஒரு டிக்கை எடுக்கவில்லை.

பதினெட்டாம் பெருக்கு அன்று பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனோம். உள்ளே ஒரு பெண் ஜன்னலுக்குத் திரை அளந்துகொண்டிருந்தாள். குல்கர்னி எங்களைப் பார்த்ததும் உண்மையிலேயே திடுக்கிட்டுப்போனார். "நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவில்லையே. வீடு பிடிக்காதவர்கள்தான் நாள் சரியில்லை என்பார்கள். முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் மரியாதையாகப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்கிப்போன பூவை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மனைவியின் படத்துக்கு வைத்துவிட்டு வந்தோம்.

அந்த ஞாயிறு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார். "ஏங்கண்ணு, ஆடி மாசம்னு கரண்டு பாயாம இருக்குதா? கம்பத்துல தப்பாத் தொட்டா ஆடின்னு உட்டுருமா? உங்கொப்பன் ஊட்டுல பொறந்துட்டு இப்படிப் பண்ணிப்போட்டியே" என்றார். நான் விசும்புவது கேட்டதும் குரல் மாறிவிட்டது. "சரி உடு, போச்சாது. இன்னொண்ணு வராமயா போயிரும்? நானென்ன நாளைக்கே சாகப்போறனா?"

நாளைக்குச் சாகவில்லை. ஐப்பசியில் செத்தார். பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது, விடிகிற நேரத்தில். பால்காரர் வைத்த பால் வாசலிலேயே திரிந்து கிடப்பதைப் பார்த்துச் சரசக்கா கதவைத் தள்ளியிருக்கிறாள். செய்தி வந்தபோது நான் ஹிஞ்சேவாடி சாலையில் கேபில் உட்கார்ந்திருந்தேன். வண்டி முக்கால் மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றது. இறங்கி நடந்தாலும் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. பக்கத்து இருக்கைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு மராட்டியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தக் கையை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் வீடு வாங்கினோம், நான்காவது மாடி. ஒரே வாரத்தில் முடிவுசெய்தோம். எந்தத் தளமானால் என்ன, எந்த மாதமானால் என்ன? சிவா இன்றுவரை அந்த நூற்றொரு ரூபாயைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறையாவது திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

பல்லடத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு சரிகிறது, ஆளில்லாத வீடு சீக்கிரம் கெட்டுவிடும் என்று சரசக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, ஊருக்குப் போய்ப் படம் எடுத்துவந்து, நான் இரண்டு வருடம் வாசித்த அதே இணையதளத்தில் எழுத உட்கார்ந்தேன். படம் எடுக்கும்போதே பார்த்தேன், மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, அறை பெரிதாகத் தெரியும்படி எடுத்துக்கொண்டிருந்தேன். விரிசலை மறைக்க நாற்காலியை நகர்த்தினேன். சுவரில் அப்பா கிழிக்காமல் விட்ட ஐப்பசிக் காலண்டரை மட்டும் கழற்றி வைத்தேன், யாராவது பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்று. பிறகு கட்டங்கள். தளம்: கீழ்த்தளம். படிகள்: இல்லை. குடிபுகல்: உடனே. புனே முழுக்க நான் தேடிய வீடு பல்லடத்தில் இருந்தது, அதற்கு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். அதை முடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிறு ஆனது.

விளம்பரத்துக்குக் கீழே இதுவரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று ஓர் எண் வரும். அது நாள்தோறும் கூடியது. நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது. யாரும் போன் செய்யவில்லை. "நல்ல ரெஸ்பான்ஸ்தான், பொறு" என்றார் சிவா. டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு பக்கத்தை மூடித் திறந்தேன். ஒன்று கூடியது. மறுபடி திறந்தேன். மறுபடி ஒன்று. நான் காலையில் காபியோடு ஒருமுறை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, கேப் ஏறுமுன் ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டைப் பார்த்தவர்களில் பெரும்பாலும் நான்தான். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. வாசல், ரேடியோ இருந்த மேசை, அப்பா தன் கையாலேயே வயரிங் செய்த சுவிட்ச் போர்டு என்று ஐந்து படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

போன ஆடியில் முதல் போன் வந்தது. பெங்களூரில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் பல்லடத்துக்குப் பக்கம். ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு பார்க்கிறாராம். எல்லாவற்றையும் விசாரித்தார். காலண்டர் இருந்த இடத்தில் சுவர் வெளுத்திருப்பதைக்கூடக் கேட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப ஆடியாச்சுங்களே. ஆவணி பொறந்ததும் அட்வான்ஸ் குடுத்தர்றனுங்க. அதுக்குள்ள வேற யாருக்காச்சும் குடுத்துருவீங்களா?"

"இல்லீங் தம்பி," என்றேன். "யாருக்கும் குடுக்கமாட்டேன். நெட்ல இருந்து இப்பவே எடுத்தர்றனுங்க."

சொன்னபடி அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டேன். சிவாவிடம் சொன்னபோது அவர் என் தலையில் கையை வைத்தார். மறுநாள் காலை ஹிஞ்சேவாடியில் கேபிலிருந்து இறங்கி, காபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கை பழகிய பழக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரே வரி இருந்தது, நீங்கள் தேடும் வீடு தற்போது பட்டியலில் இல்லை என்று. அதற்குக் கீழே, புனேவில் இதுபோன்ற வேறு வீடுகளைப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தது.